மிஷன் பள்ளிக்கூடத்தில் சபை எங்கே இருக்கிறது?

திருநெல்வேலி, தூத்துக்குடி மாவட்டங்களில் எந்த ஊருக்குப் பஸ் பிடித்தாலும் ‘டி.டி.டி.ஏ. தொடக்கப் பள்ளி’ என்ற பலகை கண்ணில் படாமல் போகாது. திருநெல்வேலி டயோசிசன் டிரஸ்ட் அசோசியேஷன் என்பதன் சுருக்கம் அது. தென்னிந்தியத் திருச்சபையின் திருமண்டலச் சொத்துகளையும் பள்ளிகளையும் வைத்திருக்கும் அமைப்பு. பலகையில் ‘ஆர்.சி.’ என்றிருந்தால் கத்தோலிக்கப் பள்ளி. ‘டி.இ.எல்.சி.’ என்றால் லுத்தரன் சபையுடையது. ஊர்க்காரர்கள் இந்த எழுத்துகளைப் பிரித்துப் பார்ப்பதில்லை. அவர்களுக்கு எல்லாமே மிஷன் பள்ளிக்கூடம்தான்.

அதே பலகையில் ‘அரசு உதவி பெறும்’ என்ற சொற்களும் இருக்கும். குழப்பம் அங்கேதான் தொடங்குகிறது. ஆசிரியரின் சம்பளம் அரசுடையது. பாடப்புத்தகம், சீருடை, மதியச் சாப்பாடு எல்லாம் அரசுடையவை. படிக்கும் பிள்ளைகளில் பல ஊர்களில் பெரும்பாலோர் கிறிஸ்தவர் அல்லர். பிறகு இதைச் சபையின் பள்ளி என்று எப்படிச் சொல்வது? கிறிஸ்தவ நெறி, சபை வாழ்க்கை என்று ஆண்டுவிழா மேடையில் பேசுகிறார்களே, அது பள்ளியில் எந்த மூலையில் இருக்கிறது?

முதலில் யாருக்கு எது சொந்தம் என்று பார்த்துவிடலாம். நிலமும் கட்டடமும் சபைக்குச் சொந்தம். பழைய கிராமங்களில் பள்ளியும் கோயிலும் ஒரே வளாகத்தில் இருக்கும். சில ஊர்களில் ஒரே கட்டடம். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை நடக்கிற இடத்தில் திங்கட்கிழமை அ, ஆ நடக்கும். (நெல்லைப் பக்கம் கிறிஸ்தவர்களும் ஆலயத்தைக் கோயில் என்றே சொல்வார்கள்.) ஆசிரியரைத் தேர்ந்தெடுத்து நியமிப்பது நிர்வாகம். நிர்வாகத்துக்காகக் கையெழுத்துப் போடுபவர் தாளாளர். தொடக்கப் பள்ளி என்றால் அந்தச் சேகரத்தின் (சில சபைகள் சேர்ந்த வட்டாரத்தின்) குருவானவரே தாளாளராக இருப்பது வழக்கம். கத்தோலிக்கப் பள்ளியில் பங்குத்தந்தை. அவர் செய்த நியமனத்துக்குக் கல்வித்துறை ஒப்புதல் கொடுத்தால்தான் அரசுச் சம்பளம் வரும். வட்டாரக் கல்வி அலுவலர் அரசுப் பள்ளிக்குப் போவது போலவே இங்கும் வந்து வருகைப் பதிவேட்டைப் புரட்டுவார். கூரை ஒழுகினால் மட்டும் பார்வை சபையின் பக்கம் திரும்பும்.

இந்த ஏற்பாட்டுக்கு வயது அதிகம். தனியார் நடத்தும் பள்ளிகளுக்கு அரசு மானியம் தரலாம் என்ற கொள்கை 1854ஆம் ஆண்டு பிரிட்டிஷ் அமைச்சர் சார்லஸ் வுட் அனுப்பிய கல்வி அறிக்கையோடு வந்தது. பள்ளிகளோ அதற்கும் முந்தியவை. லுத்தரன் மிஷனரி சீகன்பால்கு 1706இல் தரங்கம்பாடியில் வந்து இறங்கினார், மறு ஆண்டே பள்ளி தொடங்கிவிட்டார். ரேனியஸ் என்ற மிஷனரி 1820இல் பாளையங்கோட்டைக்கு வந்தார். 1838இல் அங்கேயே இறக்கும்வரை சபையையும் பள்ளியையும் சேர்த்தே வளர்த்தார். உபதேசியார்தான் பல ஊர்களில் வாத்தியார். காலையில் பிள்ளைகளுக்கு எழுத்து, பொழுது சாய்ந்தபின் பெரியவர்களுக்கு ஜெபம். வேதத்தை ஒவ்வொருவரும் தானே வாசிக்க வேண்டும் என்ற புராட்டஸ்டண்ட் பிடிவாதம் இதற்குக் காரணம். அந்தப் பிடிவாதத்தால் பனையேறி வீட்டுப் பிள்ளைக்கும் சேரிப் பிள்ளைக்கும் ஏட்டைத் தொட வழி பிறந்தது. மதம் மாற்றும் நோக்கம் அதில் இருந்ததா என்றால், ஒளிவுமறைவில்லாமல் இருந்தது. இரண்டையும் சேர்த்துச் சொல்வதுதான் நியாயம்.

இடையில் ஒரு வேடிக்கை. ஆண்ட்ரூ பெல் என்ற ஸ்காட்லாந்துப் பாதிரியார் 1789 முதல் சென்னை எழும்பூரில் படைவீரர்களின் அநாதைப் பிள்ளைகளுக்கான விடுதிப் பள்ளியை நடத்தினார். நம் திண்ணைப் பள்ளிகளில் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதுவதும், சட்டாம்பிள்ளை சின்னப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்பதும் இந்த நாட்டு வழக்கம். பெல் மணலெழுத்தைத் தம் பள்ளிக்குள் கொண்டுவந்தார். பெரிய பையன்களை வைத்துச் சின்னவர்களுக்குப் பாடம் சொல்ல வைத்தார். ஊருக்குத் திரும்பியபின் 1797இல் இதைப் பற்றி அறிக்கை எழுதினார். 1811இல் இங்கிலாந்துத் திருச்சபைக்காரர்கள் ஏழைப் பிள்ளைகளுக்குப் பள்ளி நடத்த நேஷனல் சொசைட்டி என்ற சங்கத்தைத் தொடங்கியபோது கையில் எடுத்தது இந்த ‘மெட்ராஸ் முறை’யைத்தான். இன்று இங்கிலாந்தில் ஆயிரக்கணக்கில் இருக்கும் திருச்சபைத் தொடக்கப் பள்ளிகளின் பூர்வீகத்தைத் தோண்டினால் எழும்பூர் மணல் கொஞ்சம் கையில் ஒட்டும்.

இனி காலை மணி அடித்தபின் நடப்பது. தமிழ்த்தாய் வாழ்த்து, உறுதிமொழி, திருக்குறள், செய்தி வாசிப்பு இவை எந்தப் பள்ளியிலும் உள்ளவை. மிஷன் பள்ளியில் கூடுதலாக ஒரு பாட்டு, ஒரு மனப்பாட வசனம், ஒரு சின்ன ஜெபம். ஐந்தாறு நிமிடத்துக்கு மேல் போகாது. நான்காம் வகுப்புப் பிள்ளை ஒன்று முன்னால் வந்து, கண்ணை இறுக மூடிக்கொண்டு, மழைக்காகவும், காய்ச்சலில் படுத்திருக்கும் தமிழரசிக்காகவும், ‘ஊருக்குப் போன டீச்சருக்காகவும்’ மூச்சுவிடாமல் வேண்டிக்கொள்ளும். இந்தப் பட்டியலில் யார் பெயர் வருகிறது என்பதைப் பிள்ளைகள் உன்னிப்பாகக் கேட்பார்கள். நேற்று வராதவன் பெயரை இன்று நாற்பது பேர் முன்னால் சொல்கிறார்கள் என்பது ஏழு வயதுப் பிள்ளைக்குச் சாதாரண விஷயமில்லை. அவன் எந்த வீட்டுப் பிள்ளை, எந்தச் சாமி கும்பிடுகிறவன் என்று அங்கே யாரும் கேட்பதில்லை.

இதில் கட்டாயம் உண்டா? சட்டம் தெளிவாகவே இருக்கிறது. அரசமைப்பின் 30ஆவது பிரிவு சிறுபான்மையினர் தங்கள் விருப்பப்படி கல்வி நிறுவனம் தொடங்கி நடத்தலாம் என்கிறது. 28ஆவது பிரிவின் மூன்றாம் உட்பிரிவு அதற்கு ஓர் எல்லை போடுகிறது: அரசு அங்கீகாரமோ அரசுப் பணமோ பெறும் பள்ளியில் எந்தப் பிள்ளையையும், பெற்றோரின் சம்மதம் இல்லாமல், மதபோதனையிலோ வழிபாட்டிலோ கலந்துகொள்ளச் சொல்லக் கூடாது. 29ஆவது பிரிவு இன்னொன்று சொல்கிறது: அரசு உதவி வாங்கும் பள்ளி மதம், சாதி, மொழி ஆகியவற்றை மட்டும் காட்டி ஒரு பிள்ளைக்கு இடம் மறுக்க முடியாது. ஆக, ஜெபம் நடத்தப் பள்ளிக்கு உரிமை உண்டு. என் பிள்ளை ஒதுங்கி நிற்கட்டும் என்று சொல்ல உங்களுக்கும் உரிமை உண்டு.

நடைமுறையில் பெற்றோரும் கேட்பதில்லை, பள்ளியும் கேட்பதில்லை; சம்மதம் இருப்பதாக இருதரப்பும் எடுத்துக்கொள்கிறது. ‘சாமி பாட்டுத்தானே, பாடட்டும்’ என்பது ஊர்வழக்கு. இருந்தாலும் சேர்க்கையின்போதே ஒரு வரி எழுதி வாங்கிவிடுவது நல்லது என்பேன். அதனால் பள்ளிக்கு ஒரு குறையும் வந்துவிடாது, பின்னால் வரும் மனத்தாங்கலும் மிச்சம். ஜெபத்தின்போது திருநீறு பூசிய பிள்ளை கண்ணைத் திறந்துகொண்டே நின்றால் நல்ல டீச்சர் அதைப் பார்க்காததுபோல் போய்விடுவார். நெற்றியை அழித்துவிட்டு வா என்று எந்த ஆசிரியராவது சொன்னால், அது சட்டத்துக்கும் ஒவ்வாது, அவர் கையில் வைத்திருக்கும் வேதத்துக்கும் ஒவ்வாது.

சீர்திருத்தச் சபைப் பள்ளிகளில் வாரத்தில் சில வகுப்புகள் வேதபாடம். கத்தோலிக்கப் பள்ளிகளில் வேறு ஏற்பாடு: அவர்கள் பிள்ளைகளுக்கு மறைக்கல்வி, அதே நேரத்தில் மற்றவர்களுக்கு நன்னெறி வகுப்பு. பிரித்து உட்கார வைப்பது நல்லதா, சேர்த்து உட்கார வைத்துக் கதை சொல்வது நல்லதா என்று ஆசிரியர்களிடம் கேட்டால் ஆளுக்கொன்று சொல்வார்கள். சட்டப்படி முதலாவது பத்திரமானது. பிள்ளைகளுக்கு என்னவோ இரண்டாவதுதான் பிடிக்கும், ஏனென்றால் கதை அங்கேதான் இருக்கிறது.

வேதத்தில் வரும் சகேயு கதையை எடுத்துக்கொள்ளுங்கள். வரி வசூலிப்பவர்களின் தலைவன், பணக்காரன், ஆனால் குள்ளன். இயேசு வருகிறார் என்று கூட்டம் கூடுகிறது. அவனுக்கு ஒன்றும் தெரியவில்லை. முன்னால் ஓடிப்போய்க் காட்டத்தி மரத்தில் ஏறிக்கொள்கிறான். வகுப்பில் நாற்காலிதான் மரம். வகுப்பிலேயே குட்டையான பையன், வழக்கமாக எல்லாரும் கேலி செய்கிறவன், அன்றைக்கு மட்டும் ‘டீச்சர், நான் ஏறுகிறேன்’ என்று முந்திக்கொள்வான். இயேசு மரத்தடியில் நின்று, பெயர் சொல்லிக் கூப்பிட்டு, இன்று உன் வீட்டில்தான் தங்க வேண்டும் என்கிறார். ஊர் முணுமுணுக்கிறது. சகேயு எழுந்து நின்று, சொத்தில் பாதி ஏழைகளுக்கு என்கிறான்; யாரிடமாவது அநியாயமாக வாங்கியிருந்தால் நாலு மடங்காகத் திருப்பித் தருகிறேன் என்கிறான். டீச்சர் அங்கே நிறுத்துவார். ‘அஞ்சு ரூபா ஏமாத்தியிருந்தா எவ்வளவு குடுக்கணும்?’ இருபது என்று வகுப்பே கத்தும். ‘முப்பத்தஞ்சுன்னா?’ கூச்சல் அடங்கி விரல்கள் மடங்கும். நாலாம் வாய்ப்பாடு அன்றைக்கு ஒரு காரணத்தோடு மனப்பாடமாகிறது.

மறுநாள் ஒருத்தியின் ரப்பர் காணாமல் போகும். எடுத்தவன் யார் என்பது டீச்சருக்குத் தெரியும். அவனை எழுப்பி நிறுத்தித் திருடன் என்று சொல்லலாம்; சொன்னால் ஐந்தாம் வகுப்பு முடியும்வரை அவனுக்கு அதுதான் பெயர். ‘சகேயு யாராவது இருந்தா மத்தியானத்துக்குள்ள என் மேசையில வெச்சிருங்க’ என்று சொல்லிவிட்டுக் கரும்பலகையைப் பார்த்துத் திரும்பிக்கொள்ளலாம். இரண்டாவதைச் செய்யத் தெரிந்த டீச்சர் இருக்கும் இடத்தில் கிறிஸ்தவ நெறி இருக்கிறது. சுவரில் எழுதிய வசனம் அதற்கு ஈடாகாது. இதே பள்ளியில் வேதபாடம் முடிந்த கையோடு பிள்ளையின் காதைத் திருகுகிறவரும் இருக்கக்கூடும். பழைய மிஷன் பள்ளிகள் பிரம்புக்குப் பேர்போனவை. நீதிமொழிகளில் பிரம்பைப் பற்றிய வசனத்தைச் சாக்காக வைத்துக்கொண்டவர்கள் உண்டு. தமிழ்நாட்டில் 2003லேயே கல்வி விதிகளைத் திருத்திப் பள்ளியில் அடிப்பதைத் தடை செய்தாகிவிட்டது. வசனத்தைக் காட்டி அதைத் தாண்ட முடியாது.

மன்னிப்பு என்ற பாடத்திலும் ஒரு சிக்கல் உண்டு. இரண்டு பேர் அடித்துக்கொண்டால் இருவரையும் நிறுத்தி, கைகொடுக்க வைத்து, ‘சாரி சொல்லு’ என்பது இந்தப் பள்ளிகளின் பழக்கம். அடித்தவனும் அடிபட்டவனும் ஒரே குரலில் சாரி சொல்லிவிட்டு ஓடுவார்கள். பெரும்பாலும் தீங்கில்லை. ஆனால் ஒரே பிள்ளை திரும்பத் திரும்ப அடிபட்டால், உடனே மன்னித்துவிடு என்று அவனிடமே சொல்வது வாயை அடைப்பதுதான். சகேயு கதையில் முதலில் வருவது நாலு மடங்கு. மன்னிப்பு கேட்பதற்கு முன் திருப்பிக் கொடுக்க வைக்கும் ஆசிரியர்கள் கதையைச் சரியாகப் படித்தவர்கள்.

சபை வாழ்க்கை என்பது வகுப்புக்கு வெளியேதான் நன்றாகக் கண்ணில் படும். அறுவடையை ஒட்டி வரும் ஸ்தோத்திரப் பண்டிகைக்கு வாழைத்தார், பூசணிக்காய், கோழி, முட்டை, கருப்பட்டி என்று கோயில் நிறையக் காணிக்கை வந்து சேரும். ஆராதனை முடிந்ததும் ஏலம். ஒரு பூசணிக்காய் கடைவிலையைப் போலப் பல மடங்குக்குப் போகும். எடுத்தவர் சிலசமயம் அதையே திரும்பக் கோயிலுக்குக் கொடுத்துவிடுவார், அது இன்னொரு தடவை ஏலத்துக்கு வரும். பிள்ளைகளுக்கு இது சிரிப்பாக இருக்கும். தன் தாத்தா கொண்டுவந்த தாரை எத்தனை ரூபாய்க்குக் கேட்டார்கள் என்பது மறுநாள் பள்ளியில் பெரிய செய்தி.

கிறிஸ்துமஸ் நாடகத்தில் யார் மரியாள் என்பது டிசம்பர் மாதத்து அரசியல். நீளமான முடி, கணீரென்ற குரல், ஒத்திகைக்கு விடாமல் வருவது, இவைதான் தகுதி. ஆகவே இசக்கியம்மாள் மரியாளாக வருவதும், முத்துக்குமார் சம்மனசாகச் சிறகு கட்டுவதும் எந்த மிஷன் பள்ளியிலும் நடப்பதுதான். மேய்ப்பர்களுக்கு அப்பாவின் துண்டு, ஞானிகளுக்கு அம்மாவின் பட்டுச்சேலை. அன்றைக்கு வீட்டோடு வந்து உட்காரும் கூட்டத்தில் பாதிப் பேர் அந்தக் கோயிலுக்குள் ஆண்டில் ஒருமுறை மட்டும் வருகிறவர்கள்.

கோயில் பிரதிஷ்டைப் பண்டிகைக்கு அசனம். பெரிய அண்டாக்களில் சோறும் குழம்பும் பொங்கி, ஊர் முழுக்க, மத வித்தியாசம் பார்க்காமல், பந்தியில் உட்கார்ந்து சாப்பிடும் விருந்து. பள்ளிப் பிள்ளைகளுக்கு அன்று தண்ணீர் ஊற்றும் வேலை. இந்தப் பந்தி சுலபமாக வந்துவிடவில்லை என்பதைச் சொல்லியாக வேண்டும். ரேனியஸ் காலத்தில் பாளையங்கோட்டையில் பயிற்சிக்கு வந்த மாணவர்கள் சாதி பார்க்காமல் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிட வேண்டும் என்று அவர் வற்புறுத்தியது பெரிய தகராறானது. தஞ்சையில் மிஷனரிகள் சாதி வழக்கத்தில் கைவைத்தபோது, அதை எதிர்த்து எழுதியவர்களில் கிறிஸ்தவக் கவிஞர் வேதநாயக சாஸ்திரியாரே ஒருவர். ஞானஸ்நானத்தோடு சாதி போய்விடவில்லை. கல்லறைத் தோட்டம்வரை சாதி பார்த்த சபைகள் உண்டு.

அதனால்தான் மிஷன் தொடக்கப் பள்ளியில் நான் முதலில் கவனிப்பது ஜெபத்தை அல்ல, சாப்பாட்டு வரிசையை. யார் பக்கத்தில் யார் உட்காருகிறார்கள், தட்டு கழுவும் இடத்தில் யார் யாருக்காகக் காத்திருக்கிறார்கள் என்று பார்த்தால் போதும்.

சாப்பாடு என்றதும் ஒரு கணக்கு. 2022 செப்டம்பர் 15ஆம் தேதி மதுரையில் காலை உணவுத் திட்டம் தொடங்கியது அரசுப் பள்ளிகளுக்காக. ஒரே தெருவில் இருக்கும் அரசுப் பள்ளிப் பிள்ளைக்கு உப்புமா. உதவி பெறும் பள்ளிப் பிள்ளைக்கு இல்லை. இரண்டும் ஏழை வீட்டுப் பிள்ளைகள்தான். 2024 ஜூலை 15இல் ஊரகப் பகுதி உதவி பெறும் தொடக்கப் பள்ளிகளுக்கும் திட்டம் வந்தது. அதைத் தொடங்கிவைத்த இடம் திருவள்ளூர் மாவட்டம் கீழச்சேரியின் புனித அன்னாள் தொடக்கப் பள்ளி. நகரப் பகுதிகளுக்கு 2025 ஆகஸ்ட் 26இல், மயிலாப்பூர் புனித சூசையப்பர் தொடக்கப் பள்ளியில். இரண்டும் கத்தோலிக்கப் பள்ளிகள்.

இப்போது மிஷன் பள்ளிகளை அரிப்பது வேறொன்று. பிள்ளைகள் இல்லை. மஞ்சள் வேன் வாசலுக்கே வந்து இங்கிலீஷ் மீடியம் பள்ளிக்கு அள்ளிக்கொண்டு போகிறது. கிறிஸ்தவக் குடும்பங்களும், ஏன், பள்ளியின் தாளாளர் வீட்டுப் பிள்ளைகளுமே அந்த வேனில் ஏறுவது உண்டு. ஆகஸ்ட் 1ஆம் தேதி நிலவரப்படி எத்தனை பிள்ளைகளோ அதைப் பொறுத்துத்தான் ஆசிரியர் பணியிடம். முப்பது பிள்ளைக்கு ஒருவர் என்பது கணக்கு. எண்ணிக்கை குறைந்தால் ‘உபரி’ என்று ஒருவர் பெயர் எழுதப்படும். ஐந்து வகுப்புக்கு இரண்டு ஆசிரியர் என்ற நிலைக்கு வந்துவிட்ட பள்ளிகளில் வேதபாடத்துக்கு நேரம் எங்கே? ஒருவர் அலுவலகத்துக்குத் தபால் கொண்டுபோனால் மற்றவர் ஐந்து வகுப்பையும் ஒரே அறையில் வைத்துச் சமாளிக்கிறார். மே மாத வெயிலில் ஆசிரியர்களே குடையோடு வீடு வீடாகப் பிள்ளை கேட்டுப் போகிறார்கள். சில ஊர்களில் சொந்தப் பணத்தில் ஆட்டோ வைத்துப் பிள்ளைகளை அழைத்து வருகிறார்கள்.

சபைகளின் பங்கும் இதில் இருக்கிறது. எந்த ஒரு சபையையும் சுட்டவில்லை. பொதுவாகவே சபைத் தேர்தலில் யார் ஜெயித்தார் என்பது பள்ளி நியமனம்வரை வந்து நிற்கிறது என்ற மனக்குறை விசுவாசிகளிடமே உண்டு. கோயிலுக்குப் புதிய கோபுரம் எழும்பும் வளாகத்தில் பள்ளியின் ஓடு மாற்றாமல் கிடப்பதைப் பார்க்கலாம். முன்னோர் பள்ளியைக் கட்டிவிட்டு அதிலேயே ஆராதனையும் நடத்தினார்கள். இன்றைய வரிசை தலைகீழ்.

பிள்ளையைச் சேர்க்க நினைப்பவர்களுக்குக் கடைசியாகச் சில விவரங்கள். உதவி பெறும் தமிழ்வழித் தொடக்கப் பள்ளியில் கல்விக் கட்டணம் கிடையாது. பணம் கேட்டால் எதற்கு என்று கேட்டு ரசீது வாங்குங்கள். அதே வளாகத்தில் சபை நடத்தும் சுயநிதி ஆங்கிலவழிப் பிரிவு இருந்தால் அது தனிக் கணக்கு, கட்டணம் உண்டு; எதில் சேர்க்கிறீர்கள் என்பதைத் தெளிவாகக் கேட்டுக்கொள்ளுங்கள். வேதபாடம், ஜெபம் பற்றி உங்கள் விருப்பத்தைத் தலைமையாசிரியரிடம் எழுத்தில் கொடுக்கலாம், காரணம் சொல்ல வேண்டியதில்லை. பெரிய வகுப்புக்குப் போகும்போது ஒன்றை யோசித்துக்கொள்ளுங்கள்: மருத்துவப் படிப்புக்கான 7.5 சதவீத உள்ஒதுக்கீடு ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கானது, உதவி பெறும் பள்ளிக்கு அது இல்லை. ஐந்தாம் வகுப்புவரை மிஷன் பள்ளியில் படித்துவிட்டு ஆறாம் வகுப்புக்கு அரசுப் பள்ளி மாறினால் இதில் ஒன்றும் நஷ்டமில்லை. அடி, அவமதிப்பு, கட்டாயம் என்று ஏதாவது நடந்தால் முதலில் தாளாளர், அடுத்து வட்டாரக் கல்வி அலுவலர். பள்ளிக்கல்வித் துறையின் உதவி எண் 14417, குழந்தைகளுக்கான உதவி எண் 1098.